சீர்வரிசைப் பட்டியலின் கடைசி வரி

இக்குறிப்பை எழுத வேண்டிய தேவை, என் அக்காளின் மறைவுக்குப் பின் எங்கள் உறவினரிடையே உலவத் தொடங்கிய இரண்டு கூற்றுகளால் நேர்ந்தது. வருமான வரியில் சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் போய், குடும்பத்து நன்செய் பதினைந்து மாவை, அதாவது ஐந்து ஏக்கரை, குத்தகைக்காரனுக்குத் தாரை வார்த்தவன் நான் என்பது ஒன்று. படுக்கையில் கிடந்த தமக்கையின் கையைப் பிடித்து, அவர் அறியாமலே தாளில் பெருவிரல் ரேகையைப் பதிய வைத்தவன் நான் என்பது மற்றொன்று. முதற்கூற்று என் பெயரைக் கெடுக்கிறது. இந்த அகவையில் அதைப் பொறுத்துக்கொள்ள இயலும். இரண்டாவது கூற்று அக்காளை அறிவிழந்தவராக ஆக்குகிறது. அதைப் பொறுப்பதற்கில்லை. இவற்றைச் சொல்வோர் எவரும் சொல்லாத, ஒருகால் அவர்கள் அறியவும் அறியாத, பிழை ஒன்றை நான் செய்திருக்கிறேன். அதுவும் இங்கே பதிவாக வேண்டும்.

அக்காள் என்னினும் ஒன்பது ஆண்டு மூத்தவர். மணமான நான்காம் ஆண்டில் கணவரை இழந்து, மகப்பேறின்றி, பூதலூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். தந்தையாருக்குப் பின் நிலமெல்லாம் எங்கள் அண்ணனின் ஆளுகையில் இருந்தது. நான் தஞ்சையில் ஒரு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியனாக அமர்ந்து வீடு அமைத்தபோது அக்காள் என்னோடு வந்தார். அவருடைய அறுபத்திரண்டாம் அகவையில் பக்கவாதம் தாக்கிற்று. வலப்பக்கம் முழுதும் செயலிழந்தது. பேச்சு மெதுவாயிற்று, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பவர்போலப் பேசினார். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனைவியும் பள்ளியில் ஆசிரியப் பணி ஆற்றிவந்தமையால், பகல் முழுதும் உடனிருக்க ஆள் தேவைப்பட்டது. ஊரிலிருந்து அண்ணனே ஒரு பெண்ணை அனுப்பிவைத்தார். நாற்பது அகவை இருக்கும். எங்கள் நிலத்தில் குத்தகைக்கு உழும் ஒருவரின் மனைவி. நடவுக்கும் அறுவடைக்கும் மட்டும் ஊருக்குப் போய்விட்டு, மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டிலேயே தங்கினார். அக்காளைப் புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் துடைப்பது, வெந்நீர் ஒற்றடம் கொடுப்பது என எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய சம்பளம், எண்ணெய், மருந்து, ரப்பர் விரிப்பு, மாதந்தோறும் வந்து பார்க்கும் மருத்துவரின் கட்டணம் ஆகியவை என் ஊதியத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

பொருளியல் துறையில் இருந்த நண்பர் ஒருவர்தாம் வழி சொன்னார். நிலையாக உடற்குறை உற்ற உடன்பிறப்பைப் பேணுவோர், அச்செலவுக்கென வரிக்குரிய வருவாயிலிருந்து ஒரு கழிவு கேட்கலாம் என்றார். மருத்துவரின் சான்று ஒன்று வேண்டும். அந்த உறவினர் நம்மைச் சார்ந்தே வாழ்கிறார் என்பதற்கு நாமே எழுதித்தரும் உறுதிமொழி ஒன்று வேண்டும். முதலாண்டில் இரண்டையும் இணைத்துக் கொடுத்தேன். "இவருக்குத் தனி வருவாயோ உடைமையோ கிடையாது, முற்றிலும் என்னையே சார்ந்து வாழ்கிறார்" என்று என் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டேன். கழிவு கிடைத்தது.

எழுதும்போது என் கை ஒரு நொடி நின்றது. மறந்துபோய் எழுதினேன் என்று இன்று சொல்வேனாயின் அது முழு உண்மை ஆகாது. நின்றது ஏன் என்பதை விளக்க, அக்காளின் திருமண நாளுக்குப் போக வேண்டும்.

எங்கள் வகுப்பில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசையைத் தாளில் பட்டியலாக எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அவையோர்முன் உரக்கப் படிப்பது வழக்கம். படித்து முடித்ததும் இரு வீட்டாரும் கீழே ஒப்பமிடுவர். அக்காளின் பட்டியலை எழுதியவன் பதினோரு அகவையினனான நான். கையெழுத்து நன்றாக இருந்ததால் அந்தப் பெருமை எனக்குக் கிடைத்தது. பட்டியலின் ஈற்றில் கோரைப்பாய் பத்து என்று எழுதினேன். அதற்கும் ஒப்பங்களுக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெற்றிடம் இருந்தது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கழக ஆட்சியில் நில உச்சவரம்பு குறைக்கப்பட்டது. எங்கள் அண்ணனிடம் வரம்புக்கு மேற்பட்ட நிலம் இருந்தது. கிழக்கே நாகைப் பக்கத்தில் கூலிக்கும் நிலத்துக்கும் போராட்டம் மூண்டு, வயலுக்கு வயல் செங்கொடி ஏறிக்கொண்டிருந்த காலம். பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த நிலத்துக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டென்று யாரோ ஒரு வழக்கறிஞர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். அண்ணன் அந்தப் பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு தஞ்சைக்கு வந்தார். நான் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கோரைப்பாய்க்குக் கீழே ஒரே ஒரு வரி எழுத வேண்டும் என்றார். தலைமடை நன்செய் பதினைந்து மா.

எழுதினேன். பதினோரு அகவையில் எழுதிய கையெழுத்தை நாற்பதாம் அகவையில் மீண்டும் வரவழைக்க, தனித்தாளில் ஐந்தாறு முறை எழுதிப் பார்த்தேன். மையில் சிறிது நீர் கலந்து மங்க வைத்தேன். இலக்கணப் பிழையுள்ள ஒரு விடைத்தாளில் சிவப்புக்கோடு இழுக்கையில் நான் தயங்கியதுண்டு, அன்று தயங்கவில்லை. குடும்பத்து நிலத்தைக் காக்கிறோம் என்ற எண்ணமே இருந்தது. அப்பட்டியல் சான்றாகிப் பட்டா அக்காள் பெயருக்கு மாறியது. ஏதோ ஒரு படிவத்தில் அக்காளிடம் ஒப்பமும் வாங்கினார்கள். என்னவென்று அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. அந்த நிலத்திலிருந்து ஒரு படி நெல்கூட அவருக்கு வந்ததில்லை.

கழிவு கேட்ட இரண்டாம் ஆண்டில் வருமான வரி அலுவலகத்தில், உறுதிமொழி மட்டும் போதாது, உறவினரின் சொந்த ஊரிலிருந்து உடைமையின்மைச் சான்று வாங்கி வரவேண்டும் என்றார்கள். பூதலூருக்குத் தொடர்வண்டி ஏறினேன். வழிவழியாக இருந்த கணக்குப்பிள்ளைகளை அரசு நீக்கிவிட்டுப் புதிதாகக் கிராம நிர்வாக அலுவலர்களை அமர்த்தியிருந்த காலம் அது. பழைய கணக்குப்பிள்ளையாக இருந்தால் அண்ணன் முகத்தைப் பார்த்தே எழுதித் தந்திருப்பார். புதியவர் வெளியூர்க்காரர், முப்பது அகவைக்குள் இருப்பார். பதிவேட்டை எடுத்துவந்து, அக்காளின் பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

"ஐயா, நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாம். ஆனா அம்மா பேர்ல அஞ்சு ஏக்கர் பட்டா நிக்கிதே. இல்லைன்னு நான் எப்படிங்க எழுதறது?"

அவர் பேச்சில் குத்தல் ஏதும் இல்லை. அதுவே எனக்குப் பெருங்குத்தலாக இருந்தது. அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் சற்றும் கலங்கவில்லை.

"இதுக்கா மொகம் சுருங்கிப்போயி வந்திருக்க? மேல தாலுக்கா ஆபீஸ்ல நம்ம ஆளு இருக்கான், எழுதி வாங்கித் தர்றேன். நெலக் கணக்கு மெட்ராஸு. வரிக் கணக்கு டில்லி. ரெண்டு பேரும் என்னிக்குடா ஒண்ணா உக்காந்து பேசியிருக்கானுங்க?"

அவர் சொன்னது நடைமுறைக்கு ஒத்ததே. இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கப் போகிறவர் எவருமில்லை, என்னைத் தவிர. சான்று இரண்டு நாளில் வந்துவிடும் என்றார் அண்ணன். நான் தலையசைத்துவிட்டுத் திரும்பினேன். ஆயினும் அந்த இரண்டு நாளும் என்னால் ஓரிடத்தில் அமர இயலவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகையில் ஒரு வரியை விட்டு அடுத்த வரியைப் படித்தேன். வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அக்காளின் கட்டில் கூடத்தில் இருந்தது.

"என்னடா தம்பி, செக்கு மாடாட்டம் சுத்துற? உக்காரு. எனக்குத் தல சுத்துது," என்றார் அவர், இரண்டாம் நாள் மாலை.

அமர்ந்தேன். அவருடைய திருமணப் பட்டியல் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகத்தின் இடப்பாதி மலர்ந்தது. மெல்ல மெல்ல, ஒன்று சொல்லி ஓய்ந்து மற்றொன்று சொல்லி, முழுப் பட்டியலையும் ஒப்பித்தார். குத்துவிளக்கு இரண்டு, அண்டா ஒன்று, தவலை மூன்று, பசுவும் கன்றும், பித்தளைக் குடம், அரிவாள்மணை. ஈற்றில் கோரைப்பாய் பத்து.

"அதோட முடிஞ்சுது. அப்பறம் கையெழுத்துப் போட்டாங்க. நீதானே எழுதுன."

"பாய்க்குக் கீழ இன்னொரு வரி இருக்குக்கா. பின்னால எழுதினேன்."

அனைத்தையும் சொன்னேன். நிலம், உச்சவரம்பு, மையில் கலந்த நீர், ஒன்றையும் விடவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?"

"பதினஞ்சு மா."

"நல்ல சீருதான். வந்து சேரத்தான் இத்தன நாளாச்சு," என்றார்.

பிறகு எதற்காக இன்று இதைச் சொல்கிறாய் என்று கேட்டார். வரிக்கழிவைப் பற்றியும், உறுதிமொழியில் நான் எழுதிய சொற்களைப் பற்றியும் சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் மாறிற்று.

"ஒருதடவ இருக்குறவன்னு எழுதுன. ஒருதடவ இல்லாதவன்னு எழுதியிருக்க. ரெண்டு தடவையும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

 

பணிப்பெண் ஒற்றடத்துக்கு வெந்நீரோடு வந்து நின்றிருந்தார். எந்த வயல் என்று அக்காள் கேட்டார். வாய்க்காலின் தலைமடை, ஒற்றைப் பனைக்கு மேற்கே என்றேன். பாத்திரத்தைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் கை இறங்கிற்று.

"அத எங்க வீட்டுக்காரருதாங்க ஓட்டுறாரு. பதினெட்டு வருசமா."

பின்னர் அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். குத்தகை உரிமையைப் பதிவுசெய்துகொள்ளச் சட்டம் வந்தபின் அவர் கணவர் இரண்டு முறை மனுப் போட்டிருக்கிறார். மனுவில் நிலவுடைமையாளர் என்று அண்ணனின் பெயரை எழுதியிருக்கிறார்; நெல் அளந்து கொடுப்பது அண்ணனிடம் என்பதால் வேறு பெயர் அவருக்குத் தெரியவில்லை. பட்டாதாரர் பெயர் பொருந்தவில்லை என்று இரண்டும் தள்ளுபடியாயின. எப்பெயர் பொருந்தும் என்று அண்ணனிடம் கேட்டபோது அவர் சிரித்தாராம். பதிவு இல்லாதவரை, எந்த அறுவடைக்குப் பின்னும் வயலை விட்டு இறங்கு என்று சொல்ல அண்ணனால் முடியும். அந்த அச்சத்திலேயே ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

"எம்பேர்லன்னு ஒனக்குத் தெரியாதாடி?" என்றார் அக்காள்.

"தெரியாதுங்கம்மா. தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா இந்த வெந்நிய எந்தலையில ஊத்தியிருப்ப."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. வழக்கம்போல முழங்கையை நீரில் தொட்டுச் சூடு பார்த்தார். துணியைப் பிழிந்து அக்காளின் தோளில் வைத்தார். சற்று நேரம் கழித்தே இருவரும் சிரித்தார்கள். எனக்கு அதில் இடமில்லை.

அக்காள் முடிவு செய்ய அதிக நேரம் எடுக்கவில்லை. குத்தகைக்காரர் பெயரைப் பதிவுசெய்ய ஒப்புதல் தருவது. குத்தகை நெல்லை இனி இங்கே தம் முன்னால் அளக்கச் சொல்வது. அப்படியானால் வரிக்கழிவு கேட்க இயலாது, சார்ந்து வாழ்பவர் என்று எழுத முடியாது என்று நான் எடுத்துரைத்தேன். சொல்லும்போதே நாணினேன்.

"எழுதாத. யாரு எழுதச் சொன்னா?"

ஒப்புதலுக்குப் பெருவிரல் ரேகை போதும் என்றேன். அக்காள் மறுத்துவிட்டார். தாம் கைநாட்டு இல்லை என்றார். திருத்தி முடித்த பழைய விடைத்தாள்களின் வெற்றுப் பக்கத்தில், இடக்கையால், தம் பெயரை எழுதிப் பழகினார். ஒன்பது நாள் எழுதினார். பணிப்பெண் தாளைப் பிடித்துக்கொள்வார். முதல் நாள் எழுத்துகள் கோழி கிளறியதுபோல் கிடந்தன. ஆறாம் நாள் அளவில் படிக்கலாயிற்று. இடையே அண்ணன் சொன்ன சான்று வந்தது. அதை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன்.

பத்தாம் நாள் வாடகை வண்டியில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். உடல் செயலிழந்ததற்குச் சான்றளித்த மருத்துவரே, அறிவு தெளிவாக இருப்பதற்கும் ஒரு சான்று தந்திருந்தார். அலுவலர் வண்டிக்கே வந்து விசாரித்தார். தம் விருப்பத்தின்பேரில்தான் ஒப்புகிறாரா என்று மும்முறை கேட்டார். மும்முறையும் அக்காள் விடை சொன்னார். மூன்றாம் முறை சற்றுக் கடிந்தே சொன்னார். ஏவலர் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அக்காள் இடக்கையால் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

அடுத்த கிழமை அண்ணன் வந்தார். வீட்டுக்குள் நுழைந்தாரேயன்றி அமரவில்லை, தண்ணீரும் அருந்தவில்லை. முதலில் பணிப்பெண்ணிடம், மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படு என்றார். அந்தப் பெண் அக்காளின் கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். புறப்படவில்லை. அவர் போய்விட்டால் அக்காளைப் புரட்டவும் ஆளில்லை என்பதை அண்ணன் அறியாதவர் அல்லர். பிறகு என்னிடம் திரும்பினார்.

"படிச்சவன் நீ. நாலு காசு வரிக்காகக் குடும்பத்தச் சந்தியில நிறுத்திட்ட. நாளைக்கு அவன் வயல்ல செங்கொடிய நட்டா யாரு போயி கேக்குறது?"

விடை கட்டிலிலிருந்து வந்தது.

"நடட்டும்ணே. எம்பங்கு நெல்ல அளந்து வெச்சுட்டு நடட்டும்."

அண்ணன் அதற்குப் பின் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காளின் இறுதிச் சடங்குக்கு வந்தார், என்னோடு பேசவில்லை. அவர் மக்களிடமிருந்தே நான் மேலே சொன்ன முதற்கூற்று கிளம்பியது.

தை முடிவில் சம்பா நெல் வந்து இறங்கியது. கட்டிலைச் சாளரத்தருகே நகர்த்தச் சொல்லி, அக்காள் அளப்பதைப் பார்த்தார். ஒரு பிடி கேட்டு வாங்கி, ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். ஈரம் போகவில்லை, இன்னும் இரண்டு வெயில் காய்ந்திருக்க வேண்டும் என்று குத்தகைக்காரரைக் கண்டித்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அடுத்த முறை சரியாக இருக்கும் என்றார். அந்நெல்லை விற்ற தொகையிலிருந்து பணிப்பெண்ணின் சம்பளத்தை அக்காளே தம் இடக்கையால் கொடுக்கலானார். அவர் வாழ்ந்த எஞ்சிய ஏழாண்டும் அவ்வாறே நடந்தது.

நான் வருமான வரி அலுவலகத்துக்குப் போய், இவ்வாண்டுக் கழிவு வேண்டாம் என்றும், சென்ற ஆண்டு பெற்றதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். தூய தமிழில் எழுதியிருந்தேன். அங்கிருந்த எழுத்தர் அதை இருமுறை படித்தார்.

"குடுங்கன்னு கேக்கத்தான் சார் இங்க ஃபாரம் இருக்கு. வேண்டாம்னு சொல்றதுக்கு இல்ல," என்றார். பின்னர் ஏதோ ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். செலுத்தினேன்.

ஆயினும் என் மனம் அமைதி அடையவில்லை. வரி அலுவலகத்துக்கு உண்மையைச் சொன்னவன், நிலச் சீர்திருத்த அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு வரி எழுதப்படாதிருந்தால் பதினைந்து மாவும் உபரி நிலமாகி, நிலமற்ற யாருக்கோ உரிமையாகவே போயிருக்கும். குத்தகையாக அல்ல. அது அந்தப் பணிப்பெண்ணின் குடும்பத்துக்கே கிடைத்திருக்கவும் கூடும். அக்காள் இருந்தவரை, அவர் கையில் வந்த நெல்லைப் பறிப்பதாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் மறைந்த பின் அந்தக் காரணமும் இல்லை. இப்போது இதை எழுதுவதே நான் செய்யத் துணிந்த அளவு. போதாது என்பதை அறிவேன்.

இதைப் படிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நிலச் சட்டத்தையும் வரிச் சட்டத்தையும் நான் நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். விதிகளை அறிந்தோர் பிழை கண்டால் திருத்துக. பட்டியலின் பொருள்வரிசை அக்காள் ஒப்பித்தபடி தந்தது. மூலம் அண்ணன் வீட்டில் இருக்கக்கூடும். அத்திருமணத்தில் இருந்து அதைக் காதாரக் கேட்டோர் எவரேனும் இன்னும் இருந்தால், கோரைப்பாய்க்குப் பின் வேறு ஏதேனும் படிக்கப்பட்டதா என்று எனக்கு எழுதுக. இல்லை என்றே நம்புகிறேன். அக்காள் வைத்தது பெருவிரல் ரேகை என்று சொல்வோர் மட்டும் எழுத வேண்டா, நேரில் வருக. ஒன்பது நாளும் அவர் எழுதிய தாள்கள் என்னிடம் உள்ளன. முதல் தாளிலிருந்து வரிசையாகப் பார்த்துவிட்டு, அதன் பின்னும் நான் சொன்னதில் பிழை இருப்பதாகத் தோன்றினால் என் முன்னாலேயே திருத்துக.